மகள் வீட்டு மேட்டுப் பாதையில் பனி அள்ள எந்த மெஷின்? அம்பாசமுத்திரத்து அண்ணாச்சிக்கு ஒரு இதய மருத்துவரின் பதில்

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து 63 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பஞ்சாலையில் 31 வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஏக்கர் வாழை இருக்கிறது, இன்னும் தானே வயலுக்குப் போகிறார். சர்க்கரை நோய் 11 வருடமாக. இரண்டு வருடத்துக்கு முன் இதய ரத்தக்குழாயில் அடைப்பைத் திறந்து வைக்க ஒரு ஸ்டென்ட். மகளும் மாப்பிள்ளையும் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில், டவுனை விட்டுத் தள்ளி, ஒரு குன்றின் மேல் வீடு வாங்கியிருக்கிறார்கள். ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் பாதை 60 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், ஜல்லி போட்டது, நல்ல ஏற்றம், நடுவில் ஒரு வளைவு. போன குளிர்காலத்தில் ஒரு பிக்கப் வண்டிக்காரர் வந்து பனியைத் தள்ளிவிட்டுப் போனார். ஆனால் அவர் வந்து சேர மத்தியானம் ஆகிவிடும், அதனால் மாப்பிள்ளை காலை 6 மணிக்கே ஷவலை எடுத்துக்கொண்டு இறங்கி, இப்போது முதுகில் டிஸ்க் பிரச்சினையோடு இருக்கிறார். ஜனவரியில் மகளுக்கு இரண்டாவது பிரசவம். அண்ணாச்சியும் மதினியும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே இருக்கப் போகிறார்கள்.

மாப்பிள்ளை மூன்று மெஷின்களின் படம் அனுப்பியிருக்கிறார். ஒன்று, 700 டாலரில் சின்ன ஸ்நோ ப்ளோவர், அதாவது பனியை வாரித் தூர வீசுகிற மெஷின். இரண்டாவது, 1,500 டாலரில் பெரிய டயர் வைத்த ப்ளோவர். மூன்றாவது, முன்னால் இரும்பு ப்ளேடு மாட்டிய பழைய ஏடிவி, பைக் மாதிரி ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற நாலு சக்கர வண்டி, 6,000 டாலர். "எதை வாங்கச் சொல்லட்டும்? ஓட்டப் போவது நான்தான். வாழ்நாள் முழுக்க மம்பட்டி பிடித்த கை இது. பனி பஞ்சு மாதிரிதானே? குளிரில் வேர்க்கவும் செய்யாது, நெஞ்சுக்குச் சிரமம் இருக்காது என்று நினைக்கிறேன்" என்று கேட்கிறார்.

அண்ணாச்சி, உங்கள் கடிதத்தில் மெஷின் பற்றி மூன்றரைப் பக்கம் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தின் கீழே, போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "வாழைத்தாரைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறும்போது மட்டும் நெஞ்சில் லேசாக ஒரு பிடி, கொஞ்சம் நின்றால் போய்விடும், வாயுவாக இருக்கும்." என் பதில் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பாரம் தூக்கினால் வருகிறது, நின்றால் போகிறது என்றால் அதை வாயு என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்டென்ட் வைத்த ஒருவர், அதிலும் சர்க்கரை உள்ளவர், இப்படிச் சொன்னால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது ஆஞ்சைனாவைத்தான். வேலை கூடும்போது இதயத் தசைக்கு வேண்டிய ரத்தம் போய்ச் சேரவில்லை என்பதுதான் அதன் அர்த்தம். ஸ்டென்ட் வைத்த இடத்திலேயே மறுபடி சுருங்கியிருக்கலாம், வேறொரு குழாயில் புதிதாக அடைப்பு வந்திருக்கலாம், இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். ஆனால் பார்க்காமல் விமானம் ஏறக் கூடாது. "ஈசிஜி எடுத்தேன், நார்மல்" என்றும் எழுதியிருக்கிறீர்கள். சும்மா படுத்திருக்கும்போது எடுக்கிற ஈசிஜியில் இந்த விஷயம் தெரியாமலே போகலாம். உங்களுக்கு ஸ்டென்ட் வைத்த டாக்டரிடமே போய், இந்த வாழைத்தார் கதையை ஒரு சொல் விடாமல் சொல்லுங்கள். எக்கோவும், முடிந்தால் டிரெட்மில்லோ வேறு பரிசோதனையோ, என்ன தேவை என்று அவர் முடிவு செய்வார். மகளுக்குத் தெரிந்தால் பயப்படுவாள் என்று மறைத்திருக்கிறீர்கள். நிறைமாதத்தில் அவள் பனிக்குள் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு நிற்பதைவிட, இப்போதே தெரிந்துகொள்வது அவளுக்கு லேசான பாரம்.

சரி, பனிக்கு வருவோம். இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. பாளையங்கோட்டைக்கு வருவதற்கு முன் நான்கு வருடம் அமெரிக்காவின் வடகிழக்கில் ஒரு சின்ன ஊர் மருத்துவமனையில் வேலை பார்த்தேன். பெரிய பனி கொட்டி ஓய்ந்த மறுநாள் காலையில் அவசரப் பிரிவுக்கு யார் யார் வருவார்கள் என்று அங்கே நர்ஸ்களுக்கே அத்துப்படி. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரும் அறுபது வயது ஆண்கள், முதுகு பிடித்துக்கொண்ட நாற்பது வயதுக்காரர்கள், ப்ளோவருக்குள் கையை விட்டவர் ஒருவர். அதற்கு அப்புறம் பனி மெஷின் என்றால் எனக்கு அது மருத்துவ விஷயம்தான்.

பஞ்சு என்றீர்கள். பஞ்சைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஒரு பேல் 170 கிலோ. இப்போது இந்தக் கணக்கைப் பாருங்கள். உங்கள் மகள் வீட்டுப் பாதை 60 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 180 சதுர மீட்டர். அதில் ஒரு அடி, 30 சென்டிமீட்டர் பனி விழுந்தால் 54 கன மீட்டர். புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்தாலே 5,400 கிலோ, கிட்டத்தட்ட 32 பேல். ஈரப்பனி என்றால் கன மீட்டருக்கு 300 கிலோவுக்கும் மேலே போகும், அப்போது 16 டன். இது ஒரு நாள் விழுகிற பனி. வெர்மான்ட்டில் ஒரு குளிர்காலத்தில் மொத்தமாக 2 மீட்டர் பனி விழுவது சாதாரணம், மலைப்பக்கம் இன்னும் கூடுதல். மார்கழியில் நம் ஊர் வயல் மேல் காலையில் படிந்து, வெயில் வந்ததும் போய்விடும் பனியை மனதில் வைத்துக்கொண்டு இதை எடை போடக் கூடாது.

அடுத்தது வேர்க்காது என்ற நினைப்பு. நாலு அடுக்கு உடுப்புக்குள் நன்றாகவே வேர்க்கும், அது போகட்டும். குளிரில் தோலிலுள்ள ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, ரத்த அழுத்தம் ஏறுகிறது, அந்த அழுத்தத்தை எதிர்த்து இதயம் தள்ள வேண்டியிருக்கிறது. இதயத்துக்கே ரத்தம் கொடுக்கிற குழாய்களும் அதே நேரத்தில் சுருங்கலாம். இதோடு ஷவல் வேலை முழுக்கக் கையாலும் தோளாலும் செய்வது, நடப்பதைவிடக் கை வேலை இதயத் துடிப்பைச் சீக்கிரம் ஏற்றும், எடை தூக்கும்போது மூச்சை வேறு பிடித்துக்கொள்வோம். 1995-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு ஆய்வு வந்தது. ஆரோக்கியமான, ஆனால் உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத பத்து ஆண்களை ஈரப்பனி அள்ளச் சொன்னார்கள். இரண்டே நிமிடத்தில் அவர்களுடைய துடிப்பு, உடற்பயிற்சிக்கு மேல் எல்லை என்று வைத்திருக்கும் அளவைத் தாண்டிவிட்டது. ஷவலில் சராசரி உச்சம் நிமிடத்துக்கு 175, ப்ளோவர் தள்ளும்போது 124. ப்ளோவர் நல்ல வித்தியாசம்தான், ஆனால் 124 என்பதும் சும்மா நிற்கிற இதயம் இல்லை. அவர்கள் ஸ்டென்ட் இல்லாத ஆட்கள் என்பதையும் கவனியுங்கள். வெர்மான்ட்டுக்கு நேர் வடக்கே ஒட்டியிருக்கிற கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான மருத்துவமனைக் கணக்கைப் பார்த்தபோது, 20 சென்டிமீட்டர் பனி கொட்டிய மறுநாளில், பனியே விழாத நாளோடு ஒப்பிட்டால், மாரடைப்போடு சேரும் ஆண்கள் சுமார் 16 சதவீதம் கூடுதல், மாரடைப்பில் இறந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பெண்களில் அப்படித் தெரியவில்லை. ஷவலைத் தூக்கிக்கொண்டு இறங்குவது பெரும்பாலும் ஆண்கள் என்பதே காரணம் என்று அந்த ஆய்வாளர்கள் ஊகித்தார்கள், எனக்கும் அதுதான் படுகிறது.

கைக்கடிகாரத்தில் துடிப்பைப் பார்த்துக்கொண்டே வேலை செய்வேன் என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய மருந்துச் சீட்டில் மெட்டோப்ரோலால் இருக்கிறது. அது துடிப்பை அடக்கி வைக்கிற மாத்திரை, ஆகவே கடிகாரம் குறைவாகக் காட்டினால் இதயம் சுகமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. சர்க்கரை நீண்ட நாள் இருப்பவர்களுக்கு வலியே தெரியாமல் மாரடைப்பு வருவதும் உண்டு.

ஆகவே என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷவல் உங்களுக்குக் கிடையாது, ஒரு கை கூட. ப்ளோவரும் இந்தக் குளிர்காலத்துக்கு வேண்டாம். பரிசோதனை நன்றாக வந்து, உங்கள் டாக்டர் குறிப்பாக இந்த வேலையைச் சொல்லிக் கேட்டு அனுமதித்தால், அடுத்த வருடம் பேசலாம். மெஷினை ஓட்டப் போவது டிஸ்க் வலி உள்ள மாப்பிள்ளை அல்லது காசு வாங்கிக்கொண்டு வருகிற ஆள் என்று வைத்துத்தான் எதை வாங்குவது என்று பார்க்க வேண்டும். இதில் உங்கள் மனம் கொஞ்சம் சுருங்கும் என்று தெரியும். மகள் வீட்டில் சும்மா உட்கார்ந்து சாப்பிட மனம் வராது என்று நீங்கள் எழுதியதைப் படித்தேன், அதற்கும் கீழே ஒரு வழி சொல்கிறேன்.

சரிவை முதலில் அளக்கச் சொல்லுங்கள்

"நல்ல ஏற்றம்" என்பது ஒரு அளவில்லை. மாப்பிள்ளையிடம் மூன்று மீட்டர் நேரான பலகையும் ஒரு ரசமட்டமும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள், எப்படி என்று நீங்களே வீடியோ காலில் சொல்லிக் கொடுக்கலாம். பலகையின் ஒரு முனை மேட்டுப் பக்கம் தரையைத் தொட, மட்டம் பார்த்துப் பிடித்து, பள்ளத்துப் பக்க முனைக்கும் தரைக்கும் இடைவெளி எவ்வளவு என்று அளக்க வேண்டும். 45 சென்டிமீட்டர் என்றால் 15 சதவீதச் சரிவு, எட்டரை டிகிரி. 60 என்றால் 20 சதவீதம், சுமார் 11 டிகிரி. வளைவில் ஒன்று, அதற்கு மேலே ஒன்று, ரோட்டோடு சேரும் இடத்தில் ஒன்று என்று மூன்று இடத்தில் அளக்கட்டும். அப்புறம் வாங்கப் போகும் மெஷினின் கையேட்டைத் திறந்து, எவ்வளவு சரிவு வரைக்கும் அதை ஓட்டலாம் என்று பார்க்கட்டும். கடைக்காரர் சொல்வதை விட்டுவிடுங்கள். அந்தக் கையேடுகளில் பொதுவாக இருக்கிற எச்சரிக்கை: சரிவுக்குக் குறுக்கே ஓட்டாதே, சரிவில் திருப்பும்போது மிகவும் கவனம், செங்குத்தான சரிவில் ஓட்டவே ஓட்டாதே. 20 சதவீதத்தைத் தாண்டுகிற இடம் இருந்தால், பின்னால் நடந்து தள்ளுகிற எந்த மெஷினும் அந்த இடத்துக்கு வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம்.

மூன்று படங்களும், படத்தில் இல்லாத நாலாவதும்

700 டாலர் மெஷினில் ரப்பர் துடுப்பு வைத்த ஒரே ஒரு உருளை, அது தரையை உரசிக்கொண்டே பனியை வாரி வீசும். சிமென்ட் தரைக்கு, நாலைந்து அங்குலப் பனிக்கு அருமையானது. ஜல்லிப் பாதையில் பனியோடு ஜல்லியையும் வாரி வீசும், அது கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. போதாததற்கு அந்த வகையில் பலவற்றைக் கையால் தள்ளித்தான் மேடேற்ற வேண்டும். இதை அடித்துவிடுங்கள்.

1,500 டாலர் மெஷின் இரண்டு கட்ட வகை. முன்னால் ஒரு இரும்புத் திருகு பனியை நடுவுக்கு இழுக்கும், உங்கள் மில்லில் ஸ்க்ரூ கன்வேயர் பார்த்திருப்பீர்களே அதே வேலை. பின்னால் பம்ப்செட்டில் இருப்பது போல ஒரு இம்பெல்லர் அதைக் குழல் வழியாகப் பத்து மீட்டர் தள்ளி எறியும். திருகு தரையைத் தொடாமல் இருக்க இரண்டு பக்கமும் ஸ்கிட் ஷூ உண்டு, அதை இறக்கி வைத்தால் ஜல்லிக்கு மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் பனியை விட்டுவிட்டு மீதியை அள்ளும். ஜல்லிப் பாதைக்கு இந்த வகைதான் பொருத்தம். சிக்கல் டயரில் இருக்கிறது. நூறு கிலோவுக்கு மேல் எடை உள்ள மெஷின், சறுக்குகிற மேட்டில் டயர் வழுக்கும்போது அதைப் பிடித்து நிறுத்துவது, முட்டுக்கொடுத்துத் திருப்புவது எல்லாம் ஓட்டுகிறவர் முதுகும் தோளும்தான். செயின் மாட்டினால் கொஞ்சம் தேவலை. ஆனால் டிஸ்க் போன மாப்பிள்ளைக்கு அந்தத் திருப்பல்தான் வினை.

அதே இரண்டு கட்ட வகையில் டயருக்குப் பதில் ரப்பர் ட்ராக் வைத்தது இருக்கிறது. நம் ஊரில் டயர் பொக்லைனுக்கும் செயின் பொக்லைனுக்கும் உள்ள வித்தியாசம்தான், அல்லது சேற்று உழவுக்குப் பவர் டில்லரில் கேஜ் வீல் மாட்டுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையைப் பிடிக்கிற பரப்பு கூடுதல், மேட்டில் பின்னால் வழுக்காது, கைப்பிடியில் விரலால் ஒரு விசையை அழுத்தினால் தானே திரும்புகிற வசதியும் இவற்றில் கிடைக்கிறது. ஹோண்டா, ஏரியன்ஸ் இரண்டுமே இந்த வகையைச் செய்திருக்கின்றன. விலை டயர் மெஷினைப் போல இரண்டு மடங்குக்கு மேல். மாப்பிள்ளை இந்தப் படத்தை அனுப்பாததற்கு விலைதான் காரணமாக இருக்கும். சரிவு 20 சதவீதத்துக்குள் இருந்து, சொந்த மெஷின் வேண்டும் என்று முடிவு செய்தால் இதுதான் என் தேர்வு. பெரிது வாங்கினால் வேலை சீக்கிரம் முடியும் என்று 32 அங்குலத்துக்குப் போக வேண்டாம். 24 முதல் 28 அங்குல அகலம் போதும், நாலைந்து தடவை மேலும் கீழும் போய் வந்தால் 3 மீட்டர் முடிந்துவிடும். எடை கூடக் கூடச் சரிவில் கட்டுப்பாடு குறையும்.

பழைய ஏடிவி? அண்ணாச்சி, அது வேண்டவே வேண்டாம். பனி தள்ள ஏடிவியைச் சமதரையில் நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். உங்கள் மகள் வீட்டில் சரிவும் வளைவும் சேர்ந்து இருக்கின்றன. கீழ்நோக்கிப் பனியைத் தள்ளிக்கொண்டு வரும்போது அடியில் ஐஸ் இருந்தால் வண்டி பக்கவாட்டில் போகும், வளைவில் கவிழும், கவிழ்ந்தால் முந்நூறு கிலோ இரும்பு ஆள் மேல். நாலு டயருக்கும் செயின் போட்டாலும் எனக்கு மனம் ஒப்பாது. இன்னொரு விஷயம், ப்ளேடால் தள்ளும் பனி இரண்டு ஓரத்திலும் வரப்பாகக் குவியும், அது கல்லாக உறைந்துவிடும், பிப்ரவரிக்குள் பாதையே குறுகிப் போகும். முதல் பனியிலேயே ஓரத்தை அகலமாக ஒதுக்கி வைக்காவிட்டால் அப்புறம் சின்ன வண்டியால் அதை அசைக்க முடியாது.

"நாலு சக்கரமும் இழுக்கிற கார் இருக்கிறது, கொஞ்சம் பனி கிடந்தாலும் ஏறிவிடும்" என்று மாப்பிள்ளை சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஏறும். இறங்கும்போது நிற்க வேண்டுமே. நாலு சக்கரம் இழுப்பது கிளம்புவதற்கும் ஏறுவதற்கும் உதவும், பிரேக் பிடிப்பதற்கு டயர்தான் கணக்கு. குளிர்கால டயர் நாலும் மாட்டியிருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் மெஷினுக்கு முன்னால் அதற்குச் செலவு செய்யட்டும்.

வண்டிக்காரரை விட்டுவிட வேண்டாம்

மெஷின் வாங்கினால் பனி தள்ளுகிற வண்டிக்காரரை நிறுத்திவிடலாம், அந்தக் காசு மிச்சம் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன், அதிலும் இந்த வருடம். ஜனவரியில் எந்த இரவில் மகளுக்கு வலி எடுக்கும் என்று யாருக்கும் தெரியாது. அன்று வீட்டிலிருப்பது முதுகு பிடித்த ஒருவர், நெஞ்சு பிடித்த ஒருவர், மதினி, ஒரு சின்னப் பிள்ளை. ஆம்புலன்ஸ் வர வேண்டிய பாதையும் அதே 60 மீட்டர்தான். பனி அள்ளப் போன ஆள் அந்தப் பாதையிலேயே விழுந்தால், உதவி மேலே ஏறி வரவும் வழியிருக்காது. எங்கள் அவசரப் பிரிவுக்கு இப்படித் தாமதமாகி வந்து சேர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

போன வருடத்து ஏற்பாட்டில் தவறு வண்டிக்காரரிடம் மட்டும் இல்லை, எழுதி வாங்காததிலும் இருக்கிறது. ஒவ்வொரு தடவைக்கும் காசு என்றில்லாமல் சீசன் முழுக்க ஒரு தொகை என்று பேசி, எத்தனை அங்குலம் விழுந்தால் வர வேண்டும், காலை எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும், மேட்டில் மணல் போடுவது அதில் சேர்த்தியா, அவர் வண்டி கெட்டுப்போனால் பதிலுக்கு யார் வருவார் என்று நாலையும் எழுத்தில் வாங்கட்டும். அவரிடம் பொறுப்புக் காப்பீடு இருக்கிறதா என்றும் கேட்கட்டும், சறுக்கி வேலியிலோ ஆள் மேலோ மோதினால் யார் தலையில் விழும் என்பது அதில்தான் இருக்கிறது. பிரசவத் தேதியை அவரிடம் சொல்லிவைப்பதில் வெட்கமே வேண்டாம். கிராமத்து ஆட்கள் எங்கேயும் ஒன்றுதான், பிள்ளைப்பேறு என்றால் முதலில் வந்து நிற்பார்கள்.

இதோடு சேர்த்து, வெர்மான்ட்டில் சொந்தப் பாதையின் பனியைப் பொதுச் சாலையில் தள்ளுவதும், சாலைக்குக் குறுக்கே எதிர்ப்பக்கம் தள்ளுவதும் சட்டப்படி கூடாது. மெஷினில் வீசும்போதும் இதை மனதில் வைக்க வேண்டும்.

பாதை ரோட்டோடு சேருகிற இடத்தில் ஒரு சங்கடம் உண்டு. அரசு வண்டி ரோட்டுப் பனியைத் தள்ளிக்கொண்டு போகும்போது, உங்கள் வாசலுக்குக் குறுக்கே இடுப்பளவு வரப்பு ஒன்றைப் போட்டுவிட்டுப் போகும். ஐஸும் உப்பும் சேறும் கலந்து கட்டியாக இருக்கும், மொத்தப் பாதையிலும் கனமான இடம் அதுதான். "இது மட்டும்தானே, அஞ்சு நிமிஷம்" என்று ஷவலோடு போகத் தோன்றுகிற இடமும் அதுதான். போகாதீர்கள்.

உப்பு எங்கே, மணல் எங்கே

மூட்டை மூட்டையாக உப்பு வாங்கிப் போட்டால் மெஷினே வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சாதா உப்பு மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட வேலை செய்யாது, அங்கே ஜனவரி இரவில் மைனஸ் 15, 20 சாதாரணம். ஒரு அடிப் பனியை உப்பால் உருக்க முடியாது, மெல்லிய ஐஸுக்குத்தான் அது. ஜல்லிப் பாதையில் உப்பு போட்டால் மேல்மண் இளகிச் சேறாகி மறுபடி உறையும், கிணற்றுத் தண்ணீரிலும் இறங்கும். கிராமத்து வீடு என்பதால் கிணறாகத்தான் இருக்கும். சரிவுக்கு மணல் போடுங்கள், கொஞ்சம் பெருமணலாக. அது உருக்காது, ஆனால் காலுக்கும் டயருக்கும் பிடிப்புத் தரும். வளைவுக்குப் பக்கத்தில் ஒரு மூடி போட்ட பெட்டியில் நனையாத மணலை நவம்பரிலேயே நிரப்பி வைக்கச் சொல்லுங்கள், நனைந்தால் மணலும் கட்டியாக உறைந்துவிடும்.

உங்களுக்கு உள்ள வேலை

இனி உங்கள் கைக்கு வருகிறேன். மெஷினை ஓட்டத் தெரிந்தவர்கள் அங்கே நிறைய, அதைச் சரியாக வைத்திருக்கத் தெரிந்தவர்கள் குறைவு. 31 வருட ஃபிட்டர் வீட்டில் இருப்பது அந்தக் குடும்பத்துக்குப் பெரிய பலம். கராஜுக்குள், குளிர் படாமல், உட்கார்ந்து செய்கிற வேலை இது. திருகுத் தண்டில் ஷியர் பின் என்று ஒன்று இருக்கும், கல்லோ கட்டையோ சிக்கினால் கியர்பாக்ஸைக் காப்பாற்ற அது தான் உடைந்துகொள்ளும். உடைந்ததும் கையில் கிடைத்த போல்ட்டைப் போட்டுவிடுகிறவர்கள் உண்டு, அடுத்த கல்லுக்குக் கியர்பாக்ஸே போய்விடும் என்று உங்களுக்குப் புரியும். அதே கம்பெனிப் பின் ஒரு டஜன் வாங்கி வையுங்கள். பெல்ட் இழுவை, கிரீஸ், ஸ்கிட் ஷூ உயரம், ஆயில், சீசன் முடிந்ததும் பெட்ரோலை இறக்குவது எல்லாம் உங்கள் பொறுப்பு. கராஜ் கதவை மூடிக்கொண்டு இன்ஜினை மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள், கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டும் வேண்டாம். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, பக்கத்து அறையில் கர்ப்பிணிப் பெண் இருக்கிறாள். மெஷினை முழுக்க வெளியே கொண்டு போய்த்தான் கிளப்ப வேண்டும்.

குழலில் ஈரப்பனி அடைத்துக்கொள்ளும். அப்போது கையை விடவே கூடாது என்பதை மாப்பிள்ளைக்கு நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தினாலும் அடைபட்ட திருகிலும் இம்பெல்லரிலும் இழுவை தேங்கி நிற்கும், அடைப்பு விட்ட கணத்தில் ஒரு சுற்று சுற்றிவிடும். நான் பார்த்தவர் இன்ஜினை அணைத்துவிட்டுத்தான் கையை விட்டார், இரண்டு விரல் போயிற்று. நிறுத்து, எல்லாம் ஓய்கிற வரை காத்திரு, மெஷினோடு வருகிற குச்சியால் குத்து. குச்சியைக் கைப்பிடியிலேயே கட்டி வையுங்கள். கழுத்தில் துண்டு, தொங்குகிற மஃப்ளர் எதுவும் போட்டுக்கொண்டு யாரும் அதன் பக்கத்தில் போகக் கூடாது, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், துண்டு இல்லாமல் உங்களுக்கு வெளியே வரவே வராது என்று எனக்குத் தெரியும்.

மண் உறைவதற்கு முன், இப்போதே, பாதையின் இரண்டு ஓரத்திலும் ஒளி பட்டால் மின்னுகிற கம்புகளை நட்டு வைக்க மாப்பிள்ளையிடம் சொல்லுங்கள். பனி மூடிவிட்டால் பாதை எது, பள்ளம் எது என்று தெரியாது, டிசம்பரில் நீங்கள் போய் நட முடியாது, தரை கல்லாகிவிடும்.

உடம்புக்கும் பயணத்துக்கும்

காலில் மரமரப்பு இருக்கிறது என்றீர்கள். அது சர்க்கரையால் நரம்பு கெட்டதன் அறிகுறி, விரல் உறைந்துபோனால் உங்களுக்குத் தெரியாது. தினமும் காலைப் பாருங்கள், நனைந்த சாக்ஸை உடனே மாற்றுங்கள், குளிருக்கு ஹீட்டர் முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்காராதீர்கள், வெந்தாலும் தெரியாது. வாசலுக்கு இறங்கினாலும் பூட்ஸுக்குக் கீழே முள் பட்டை மாட்டிக்கொள்ளுங்கள். ரத்தம் கட்டாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் நீங்கள், சறுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், எழுந்து நடக்க முடிந்தாலும் அன்றே மருத்துவமனை போக வேண்டும், ரத்தக்கசிவு மணிக்கணக்கில் கழித்தும் தெரியலாம்.

மாத்திரைகளை அங்கே இருக்கும் நாள் முழுக்கவும், அதற்கு மேலே இரண்டு வாரத்துக்கும் சேர்த்து, கைப்பையில் வையுங்கள். சீட்டில் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரையும் டாக்டரிடம் எழுதி வாங்குங்கள், இங்கே உள்ள கம்பெனிப் பெயர் அங்கே புரியாது. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை உங்களுக்குத் தேவையா என்றும் கேளுங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது, ஏற்கெனவே இருக்கும் இதய நோய்க்கு என்ன தருவார்கள் என்கிற பகுதியை மாப்பிள்ளையைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள், ஸ்டென்டை மறைத்து எடுத்த பாலிசி அவசரத்துக்கு உதவாது. அங்கே அவசர எண் 911. மதினிக்கும் அதைச் சொல்லிக் கொடுத்து, வீட்டு முகவரியை ஒரு தாளில் எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

டிக்கெட் டிசம்பர் இரண்டாம் வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள், நாள் இருக்கிறது. வாழைத்தார் தூக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். நெஞ்சுப் பிடி சும்மா இருக்கும்போது வந்தாலோ, நின்ற பிறகும் பத்து நிமிடத்துக்கு மேல் போகாவிட்டாலோ, அடிக்கடி வரத் தொடங்கினாலோ, அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திராமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இல்லையென்றால் இந்த வாரத்துக்குள் உங்கள் டாக்டரைப் பார்த்துவிட்டு, ரிப்போர்ட்டையும் மாப்பிள்ளை அளந்த மூன்று சரிவு அளவையும் எனக்கு எழுதுங்கள். ட்ராக் மெஷினா, வண்டிக்காரர் மட்டும் போதுமா என்று அந்த இரண்டையும் வைத்துத் தீர்மானமாகச் சொல்கிறேன்.